மலைக்கு இடம் விட்டுப் பேசும் சாலி சேச்சி

சாலி சேச்சி வீட்டில் பேசுவதைக் கேட்டவர்கள், ஜீப்பில் மைக் பிடித்து ஊருக்கு அறிவிப்புச் சொல்லிப் போவது இவர்தான் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். கப்பைக் கிழங்கு வேகிற நேரத்துக்குள் மூன்று வீட்டு விஷயம், ஏலக்காய் விலை, தன் முதுகுவலி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவார். கேட்பவர் 'ம்' போடக்கூட இடைவெளி இருக்காது.

"வீட்டுலயும் ஒரு மைக் வாங்கி மாட்டலாம்னு பாக்குறேன். அப்பவாச்சும் நடுவுல நிறுத்துவா" என்பார் அவர் கணவர் குரியாக்கோ. ஜீப் ஓட்டுவது அவர்தான்.

"நிறுத்தினா மட்டும் நீங்க என்னத்தப் பேசிடப் போறீங்க, இச்சாயா? கொட்டாவிதான் விடுவீங்க."

ஆனால் மைக்கைக் கையில் எடுத்தால் அவர் வேறு ஆள். எங்கள் ஈட்டிக்கவலையில் ரெண்டு மலைகள் நேருக்கு நேராக நிற்கின்றன. இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்க மலை திருப்பிச் சொல்லும். அதனால் சேச்சி நாலு வார்த்தை சொல்லி நிறுத்துவார். மலை சொல்லி முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடங்குவார். ஒருமுறை டவுனிலிருந்து மெத்தை விற்க வந்த ஒருவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். கிணற்றுக்குள் ரெண்டு பேர் சண்டை போடுவது போலத்தான் எங்களுக்குக் கேட்டது. ஒரு மெத்தைகூட விற்கவில்லை.

சாவு அறிவிப்பு என்றால் சேச்சி இன்னும் மெதுவாகப் பேசுவார். இறந்தவர் பேரைச் சொன்னதும், மலை அடங்கிய பிறகும் சற்றுச் சும்மா இருப்பார். ஏலத் தோட்டத்தில் குனிந்து நிற்பவர்கள் நிமிர்ந்து, தலைத்துணியை அவிழ்க்க அந்த நேரம் வேண்டும். பெருநாள், கட்சிக் கூட்டம், கோழிக்குஞ்சு விற்பனை என்று எதுவானாலும் அடுத்தவர் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். தனக்காக மைக் பிடித்ததே இல்லை.

போன மழையில் ஆற்றின் மேலிருந்த நடைபாலம் போய்விட்டது. அக்கரையில் இருக்கும் நாங்கள் எல்லோரும், சேச்சி வீடும் அதில் சேர்த்தி, மலையைச் சுற்றித்தான் கவலைக்கு, அதாவது கடைகள் இருக்கும் முச்சந்திக்கு, வர வேண்டியிருந்தது. இந்த வருஷம் வார்டுக்கு வந்த பணத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும். ஒன்று எங்கள் பாலம், இல்லையென்றால் கவலையிலிருந்து மேலே போகும் ரோட்டுக்குத் தார். எது என்று கிராமசபையில் கை தூக்கி முடிவு செய்வார்கள். அக்கரையில் வீடுகள் குறைவு. ரோட்டுக்காரர்கள் சிலராவது எங்களுக்காகக் கை தூக்கினால்தான் பாலம் வரும்.

"சாலி பேசட்டும். இந்த ஊருல எல்லாருக்கும் தெரிஞ்ச குரல் அதுதானே" என்று அக்கரைக்காரர்கள் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். மெம்பர் சுலோசனா நடுவில் உட்கார்ந்திருந்தார். ரோட்டுக்காக பாபுக்குட்டி முதலில் பேசினார். கவலையில் சிமெண்டுக் கடை வைத்திருப்பவர். கடகடவென்று பேசி, கைத்தட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

சேச்சி எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"அக்கரைக்குப் பாலம் வேணும்."

சொல்லிவிட்டு நிறுத்தினார். பழக்கம். மலை திருப்பிச் சொல்லட்டும் என்று காத்து நின்றார். ஹாலுக்குள் ஏது மலை? மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

"என்ன சேச்சி, பேட்டரி தீந்துபோச்சா?" என்றார் பாபுக்குட்டி.

ஹாலே சிரித்தது. சேச்சியின் முகம் சிவந்துவிட்டது. உடனே சமையலறை வேகத்துக்குத் தாவினார். பாலம், பிள்ளைகள், பால் கேன், ஏலக்காய்ச் சாக்கு, வழுக்கும் பாறை எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. முன்வரிசையில் இருந்த எனக்கே பாதி புரியவில்லை. பின்னால் இருந்தவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"சாலி, கொஞ்சம் மெதுவா. செக்ரட்டரியால எழுத முடியல" என்றார் மெம்பர்.

சேச்சிக்கு மூச்சு வாங்கியது. வாயை மூடிக்கொண்டு மேசையைப் பிடித்தபடி நின்றார். பாலம் போச்சு என்றுதான் நான் நினைத்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "என் மக கதையைச் சொல்லு, சாலி."

அம்மிணியேச்சி. கவலையில் ரோட்டோரம் சாயாக்கடை நடத்துபவர். சேச்சி அவரைப் பார்த்தார். தான் சொல்லவில்லை. மைக்கைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தார். அம்மிணியேச்சியே சொன்னார்.

"அக்கரையில கட்டிக் குடுத்தேன். வலி வந்தப்போ சுத்து வழியாத்தான் தூக்கிட்டு வந்தாங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் வரல. குரியாக்கோவோட ஜீப்புலயே பொறந்துடுச்சு."

"அம்மிணியேச்சி, நீங்க எந்தப் பக்கம்?" என்று கத்தினார் பாபுக்குட்டி.

"பேத்தி இருக்குற பக்கம்."

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. சேச்சி அது அடங்கும்வரை பொறுத்தார். பிறகு மைக்கை உயர்த்தினார். ஜீப்பில் கேட்கும் அந்தக் குரல் வந்தது.

"மழையில பிள்ளைங்க ஸ்கூலுக்கு..."

நிறுத்தினார்.

"போகவே இல்ல!" என்றாள் ஒரு தாய்.

"சொசைட்டிக்குப் பால்..."

"திரிஞ்சுதான் வருது!" சொன்னது அக்கரைக்காரர் இல்லை. பால் அளக்கும் ரோட்டுக்காரர்.

அதற்குப் பிறகு சேச்சி அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு தடவையும் நாலைந்து வார்த்தை, பிறகு மௌனம். அந்த மௌனத்தில் யாராவது ஒருவர் எழுந்து தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

பாபுக்குட்டிக்குப் பொறுக்கவில்லை. "அப்போ எங்க ரோட்டுல இருக்குற குழிக்கு என்ன பதில்?"

சேச்சி உடனே பதில் சொல்லவில்லை. கேள்வி எல்லோர் காதிலும் விழட்டும் என்று விட்டார்.

"குழி இருக்கு. நெசந்தான்."

மறுபடி நிறுத்தினார். பாபுக்குட்டி வெற்றி பெற்றது போலத் தலையாட்டினார்.

"குழியில விழுந்தா எந்திரிச்சு வந்துடலாம். ஆத்துல விழுந்தா?"

மைக்கை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. மெம்பர் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "பாலத்துக்கு யாரெல்லாம்?" என்று கேட்டார்.

அக்கரைக் கைகள் முதலில் உயர்ந்தன. அம்மிணியேச்சி ரெண்டு கையையும் தூக்கினார். "ஒண்ணு போதும்" என்று அதட்டினார் மெம்பர். பால்காரர் தூக்கினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தூக்கினார். அப்புறம் ரோட்டு வரிசைகளில் அங்கங்கே கைகள் எழும்பிக்கொண்டே இருந்தன. செக்ரட்டரி எண்ணி முடித்து, பாலம் என்று எழுதினார்.

வாசலில் கட்டன் சாயா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாபுக்குட்டி தன் டம்ளரோடு சேச்சியிடம் வந்தார்.

"சேச்சி, அடுத்த வருஷம் எங்க ரோட்டுக்கு நீங்கதான் பேசணும்."

"பேசுறேன். ஆனா குழியில விழுந்தவங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்து உக்கார வைங்க" என்றார் சேச்சி. "பாதிக்கு மேல அவங்கதான் பேசணும்."