கண்டமா, கன்ஃபர்மா?

வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போனபோது முழு வார்த்தைகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு, முதல் மூன்று எழுத்துகளை மட்டும் எங்கள் டெப்போவுக்கு விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். அந்த மூன்று எழுத்துகளின் மேல் எனக்குள்ள ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

திருவண்ணாமலை பஸ் டெப்போவில் யாருக்கு எந்த வண்டி என்று ஒரு கரும்பலகையில் எழுதிப்போடுவார்கள். எழுதுபவர் டைம்கீப்பர் சம்பந்தம். சாக்பீஸைத் தன் அப்பன் வீட்டுச் சொத்து போல மிச்சம் பிடிப்பவர். எந்த இங்கிலீஷ் வார்த்தையையும் மூன்று எழுத்தோடு நிறுத்திவிடுவார். SPE என்றால் தீபத்துக்கு விடும் ஸ்பெஷல் வண்டி. REP என்றால் ரிப்பேர். பஸ் நம்பருக்கு எதிரே CON என்றிருந்தால் அந்த வண்டி கண்டெம்ன்ட், எங்கள் பாஷையில் கண்டம். இனி ஓடாது, பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் டெம்பரரி கண்டக்டர். எப்போது நிரந்தரமாக்குவார்கள் என்று காத்துக்கிடந்தேன். ஒரு நாள் காலை டூட்டிக்குப் போனால், பலகையில் என் பெயருக்கு எதிரே வண்டி நம்பர் இல்லை. CON என்றிருந்தது.

என்னோடு ஓடும் டிரைவர் ஏழுமலை, கீழ்பென்னாத்தூர்க்காரர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாபா, உன்னையும் கண்டம் பண்ணிட்டானுங்களா? பாடி நல்லாத்தானே இருக்குது?"

"வெளையாடாதீங்கண்ணே. மனுஷன எப்படிக் கண்டம் பண்ணுவாங்க?"

"நேத்து செக்கிங் இன்ஸ்பெக்டர்கிட்ட வாய் குடுத்த இல்ல? அதான்."

உண்மைதான். செங்கம் ரோட்டில் ஏறிய இன்ஸ்பெக்டர், "எல்லாருக்கும் டிக்கெட் போட்டாச்சா?" என்றார். "நீங்க ஒருத்தர்தான் பாக்கி சார்" என்றேன். பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

ஊரையே கிண்டலடிக்கும் வாய் ஒட்டிக்கொண்டது. எங்கள் டெப்போவில் ஒரு நம்பிக்கை உண்டு: வேலையை விட்டு நீக்கும் ஆர்டரைக் கையில் வாங்கிக்கொண்டால்தான் வேலை போகும். வாங்காமல் ஓடிவிட்டால் அது வெறும் காகிதம். ஆகவே ஓடினேன். அடி அண்ணாமலையில் மாமியார் வீட்டு மாட்டுக்கொட்டகையில், வைக்கோல் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். மாடு என்னையே பார்த்தது. அதுவும் செக்கிங்கோ என்று பயந்தேன்.

யார் தேடி வந்தாலும் ஊரில் இல்லை என்று சொல்லும்படி மனைவியிடம் சொல்லியிருந்தேன். டெப்போ பியூன் வந்திருக்கிறார்.

"அவரு காசிக்குப் போயிட்டாருங்க" என்றிருக்கிறாள்.

"எப்ப வருவாரு?"

"காசிக்குப் போனவரு எப்ப வருவாருன்னு யாருங்க சொல்ல முடியும்?"

பியூன் அனுதாபத்தோடு திரும்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஏழுமலை கொட்டகைக்கே வந்துவிட்டார். "டேய், CON-னா கன்ஃபர்ம்டா! உன்னப் பர்மனென்ட் பண்றதுக்கு வேலூருக்கு மெடிக்கலுக்குக் கூப்ட்டிருக்கானுங்க. நீ காசிக்குப் போயிட்டன்னு அடுத்தவன அனுப்பிட்டானுங்க."

வைக்கோலைத் தட்டக்கூட இல்லை. நேரே டைம்கீப்பரிடம் போனேன்.

"ஏன் சார், கன்ஃபர்ம்னு முழுசா எழுதினா கை ஒடிஞ்சிடுமா?"

"போர்டுல எடம் கம்மிப்பா."

"எம் பேருக்குப் பக்கத்துல ஒரு எருமை படுத்துத் தூங்கலாம் சார், அவ்ளோ எடம் இருக்குது!"

"ஓடிப்போனவன் நீ. எம்மேல எதுக்கு எகிர்ற?"

அதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு ஆத்திரத்தை ஜாஸ்தியாக்கியது.

மறுநாள் அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துச் சாக்பீஸை எடுத்தேன். பலகையின் அடியில், "சம்பந்தம் – TRA" என்று எழுதிவைத்தேன். திரும்பி வந்தவர் பார்த்தார். நேரே மேனேஜர் அறைக்குள் ஓடினார்.

"சார், பையன் இங்க பத்தாவது படிக்கிறான் சார். இப்பப் போயி டிரான்ஸ்ஃபர்னா..."

"யாருக்குய்யா டிரான்ஸ்ஃபர்?"

என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "TRA-ன்னா டிராஃபிக் சார். அவரு டிராஃபிக் செக்‌ஷன்தானே?" என்றேன். மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். சம்பந்தத்திடம், "இனிமே இங்கிலீஷே வேணாம். போர்டு பூராவும் தமிழ்ல எழுதுங்க" என்றார். ஜெயித்துவிட்டதாக நினைத்து ஏழுமலைக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

சில மாதம் போயிற்று. ஒரு காலை, பலகையில் என் பெயர், வண்டி நம்பர், அதன் பக்கத்தில் ஒரு வார்த்தை: பணி.

பணி நிரந்தரமும் பணிதான். பணி நீக்கமும் பணிதான். பணியிட மாற்றமும் பணிதான். இங்கிலீஷ் செய்த அயோக்கியத்தனத்தைத் தமிழிலும் செய்துவிட்டார் அந்த மனிதர். என் கால்கள் பழக்கதோஷத்தில் அடி அண்ணாமலைப் பக்கம் திரும்பின. அவற்றைத் திட்டி இழுத்துக்கொண்டு போய் டைம்கீப்பர் ஜன்னல் முன் நின்றேன்.

"மீதியையும் எழுதுங்க சார்."

"உள்ள வந்து கேட்டுக்கய்யா."

"கேக்க மாட்டேன். எழுதுங்க."

"வண்டி நிக்குதுய்யா!"

"நிக்கட்டும்."

ஏழுமலை ஹாரனை அடித்தார். வண்டியில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எழுதித் தொலையேன்யா, எங் கீரை வாடுது!" என்று கத்தினார்.

சம்பந்தம் முனகிக்கொண்டே வந்தார். முதலில் ந போட்டார். மேலே வளைத்தார். அங்கே சுழித்தால் நீ, என் கதை முடிந்தது. சுழிக்காமல் விட்டால் நி. வளைவின் நுனியில் சாக்பீஸ் உடைந்தது. அவர் வேறு துண்டைத் தேடிய நேரத்தில் நான் மூச்சே விடவில்லை. பிறகு சுழிக்காமலே பக்கத்தில் ர எழுதினார்.

எனக்குப் பதிலாக வேலூர் போனவன் ரிட்டயர் ஆகிற வரைக்கும் எனக்கு சீனியர். தீபத்துக்கு லீவு அவனுக்குத்தான் முதலில் கிடைத்தது. இன்றைக்கும் ஒவ்வொரு கார்த்திகைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மேலே இருப்பவன் பாதி வார்த்தை எழுதினால் மீதியை நீங்களாகப் பயந்து நிரப்பாதீர்கள். எழுதியவனையே நிரப்பச் சொல்லுங்கள். அதுவரை ஜன்னலை விட்டு நகராதீர்கள்.