ஜன்னல் பூவுக்கு எடுத்த பசை

எண்பதுகளின் கடைசியில், என் மனைவி மூன்றாவது பிரசவத்துக்காக அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் நானும் இரண்டு பெண்பிள்ளைகளும்தான். மூத்தவளுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு மூன்று. இரண்டு வருஷமாக மழை இல்லை. காலையில் காய்ச்சுகிற கேப்பைக் கூழ்தான் பொழுது சாயும் வரைக்கும்.

"பாப்பா வந்து படுக்குற எடம். சன்னலப் பாருங்கப்பா, பேய் வீடு மாதிரி இருக்கு" என்றாள் மூத்தவள். வீட்டுக்கு அது ஒன்றுதான் ஜன்னல். நாலு கம்பி, மேலே ஒரு சாக்கு.

என் மனைவி வீட்டிலிருந்தபடி தீப்பெட்டி ஒட்டுகிறவள். கழித்துப்போட்ட லேபிள் தாள் ஒரு பை நிறையக் கிடந்தது. நான் பூப்பூவாக வெட்டினேன். மூத்தவள் நூலில் வைத்து ஒட்டினாள். சின்னவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

பசை பரணில் இருந்தது. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் என்கிற நீல உப்பைப் போட்ட பசை. துத்தம் விஷம் என்பதால்தான் மனைவி அதை எட்டாத இடத்தில் வைப்பாள். எனக்கும் அது தெரியும். வேறு பசை காய்ச்ச வீட்டில் மாவில்லை. கூடத்தானே இருக்கிறோம் என்று இறக்கினேன்.

சரத்தைக் கட்ட மூத்தவளோடு வெளியே போனேன். கம்பி வழியாகப் பார்த்தபோது சின்னவள் பசைச் சட்டியை வழித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகையில் பஸ்ஸில் நீலம் நீலமாக வாந்தி எடுத்தாள்.

"என்னய்யா குடுத்த பிள்ளைக்கு?" என்று நர்சம்மா கேட்டார். சுற்றி அத்தனை பேர் நின்றார்கள். பிள்ளை பசியில் பசையைத் தின்றது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"கூழுதாம்மா" என்றேன்.

மூத்தவள் என் முகத்தையே பார்த்தாள். ஏதோ மருந்து கொடுத்து வராந்தாவில் உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரம் போயிருக்கும். பிள்ளையின் தலை தொங்கிவிட்டது. மூத்தவள் ஓடிப்போய் நர்சம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"கூழு இல்ல. தீப்பெட்டிப் பசையத் தின்னுட்டா!"

"அட பாவி மனுசா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். மூன்றாம் நாள்தான், பிழைத்துக்கொள்வாள் என்று சொன்னார்கள்.

பிரசவ வார்டில் இருந்த என் மனைவிக்கு நர்சம்மாவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் போய் நின்றபோது கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

"பசை எடுத்ததக் கேக்கல. பசியில தின்னதையும் கேக்கல. அந்தம்மா கேட்டப்ப ஏன் மறச்சீக?"

"வெக்கமா இருந்துச்சு."

"பிள்ள செத்துப் போயிருந்தாலும் கூழுன்னுதான் சொல்லியிருப்பீகளா?"

சொல்லியிருப்பேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.