கதவைத் திறந்தவள் மேல் விழுந்த பழி

அலுவலகத்தில் அவளை ஆமை என்பார்கள், முதுகுக்குப் பின்னால்தான். பயணச்சீட்டு விற்கும் இயந்திரங்களுக்கு இயங்குதளம் எழுதும் நிறுவனம் அது. இயங்குதளத்தின் உயிர்நாடியான கெர்னலில் வேலை பார்த்தவள், சில வருடங்களாகப் புகார்ப் பிரிவில், பழுதாகி வந்த இயந்திரங்களுக்கு நடுவே ஒரு மூலை மேசையில் கிடந்தாள். தன்னை அங்கே தள்ளிய மேனேஜரை மனசுக்குள் கரித்துக்கொட்டாமல் அவள் ஒரு வாய் காபி குடித்ததில்லை.

நடந்தது இதுதான். வாடிக்கையாளர் கார்டைச் செருகிவிட்டு நிற்கும்போது இயந்திரம் திடீர் திடீரென்று உறைந்துபோகும். நிரலின் எந்தத் துண்டு, அதாவது எந்த ஃபங்ஷன், நேரத்தைத் தின்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கடிகாரம் ஓயாமல் கெர்னலைத் தட்டி, இப்போது ஓடுவது யார் என்று குறித்துக்கொண்டே போகும். யார் பெயர் அதிகம் விழுகிறதோ அவர்தான் மந்தம். விழுந்தது அவள் எழுதிய ஃபங்ஷனின் பெயர். மேனேஜர் அதைப் பெரிய திரையில் போட்டுவிட்டு, அதே பிரிவில் இருந்த அவள் கணவரைப் பார்த்து, "வீட்லயும் இப்படித்தான் அசைஞ்சு அசைஞ்சு வேலை செய்வாங்களா?" என்றார். கூட்டமே சிரித்தது.

அன்று மாலை கணவர் அவள் தலையைத் தடவி, "விடும்மா, அந்தாளு வாயே அப்படித்தான்" என்றார். அடுத்த மாதம் அவள் புகார்ப் பிரிவுக்குப் போனாள்; அவளுக்கு வரவேண்டிய கெர்னல் பிரிவுத் தலைவர் பதவி அவருக்கு வந்தது. நம் வீட்டுக்குள்தானே வந்தது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். பைத்தியக்காரி.

அவள் ஃபங்ஷனைத் தூக்கி எறிந்து வேறொன்று எழுதிப் பார்த்தார்கள். இயந்திரம் அப்போதும் உறைந்தது. கடைசியில், இயந்திரங்களை வாங்கியவர்கள் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பப் போவதாக மிரட்ட, புகார் அவள் மேசைக்கே வந்து சேர்ந்தது. காரணத்தைக் கண்டுபிடித்துக் கூட்டத்தில் காட்டச் சொன்னார் மேனேஜர். அவளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. எந்த அறையில் மானம் போனதோ அந்த அறையிலேயே அந்தாளின் மூக்கை உடைக்கவேண்டும்.

இந்த முறை அவள் கடிகாரத்தை நம்பவில்லை. சில வேலைகளைக் கெர்னல் கதவைச் சாத்திக்கொண்டு செய்யும். அந்த நேரத்தில் கடிகாரம் தட்டினால் வெளியே காத்துக்கிடக்க வேண்டியதுதான். கதவு திறந்ததும் காத்திருந்த தட்டு, திறந்தவர் தலையில் விழும். அவள் ஃபங்ஷன் செய்ததெல்லாம் கதவைத் திறந்தது மட்டுமே. உள்ளே உட்கார்ந்து நேரத்தைத் தின்றது வேறு யாரோ. சாத்திய கதவுக்கும் அடங்காத தட்டு ஒன்று இயந்திரத்தின் சிப்பில் உண்டு, ஆபத்துக்கென்று ஒதுக்கி வைத்தது. அளவெடுப்பதை அவள் அதோடு இணைத்தாள். மேனேஜர் கைப்பட எழுதிய பழைய நிரல் ஏதாவது மாட்டவேண்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

மாட்டியது கார்டு படிக்கும் கருவிக்கான நிரல். கதவைச் சாத்திவிட்டு, கருவி பதில் சொல்லும்வரை உள்ளேயே சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அதை எழுதியவர் அவள் கணவர்.

சாயங்காலம் அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். "என்னங்க, உங்க கார்டு நிரல் கதவ சாத்திட்டு காத்துகிட்டிருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கை நின்றது. "தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அன்னைக்கு மீட்டிங்லயே புரிஞ்சுபோச்சு. வாயத் திறந்திருந்தா என்னை வீட்டுக்கே அனுப்பியிருப்பாங்க. உன்னை இடம்தான மாத்தினாங்க?" அவர் குரலைத் தணித்தார். "நாளைக்கு இதக் காட்டாத. நான் சத்தமில்லாம சரி பண்ணிடறேன். நம்ம வீட்டு விஷயம் நம்மளோட இருக்கட்டும்."

"நீ துணிய மடி," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் நீ என்று சொன்னதில்லை.

மேனேஜர் மேல் இருந்த ஆத்திரம் அப்போதே பாதியாகிவிட்டது. அந்தாள் தெரியாமல் சிரித்தார். இவர் எல்லாம் தெரிந்துகொண்டே தலையைத் தடவினார்.

மறுநாள் கூட்டத்தில், நேரத்தைத் தின்ற ஃபங்ஷன்களையும் அவற்றை எழுதியவர் பெயரையும் வரிவரியாகத் திரையில் போட்டாள். மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "யாரோட நிரல்மா இது?" என்றார்.

"கெர்னல் பிரிவுத் தலைவரே படிச்சா நல்லா இருக்கும் சார்."

கணவர் எழுந்தார். அவள் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நின்றார். அந்தக் கெஞ்சல் அவளுக்குப் புரியாமல் இல்லை.

"இருக்கட்டும்மா, நீங்களே சொல்லிடுங்க," என்றார் மேனேஜர், அவசரமாக.

"இல்ல சார். எழுதினவர் பேரோட அவரே படிக்கட்டும்." நாற்காலியை இழுத்துப்போட்டுக் கணவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

அவர் ஃபங்ஷனின் பெயரைப் படித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி தன் பெயரையும் படித்தார். அப்போதும் அவளுக்கு ஆறவில்லை.

"அடுத்த வரியும் உங்களோடதுதான் சார்," என்றாள். "படிங்க."