கருப்புக் கிடாவின் சாம்பல் படம்

புதூர் வெயிலுகந்தம்மாள் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. மழை பெய்தால்கூடக் கரிசலைத் தோண்டி, ஈரம் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று பார்த்த பிறகே மழை பெய்ததாக ஒத்துக்கொள்வாள். அப்படிப்பட்டவள் மீதே சந்தேகம் விழுந்தது.

துபாயில் வேலை பார்க்கும் உக்கிரபாண்டி, சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்ட கிடாவை அவள் மந்தையில்தான் விட்டிருந்தான். ஒரு வெள்ளை மயிர்கூட இல்லாத கருப்பு. அவன் கேட்டதால் ஸ்டுடியோ நந்தகோபாலைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். உடனே போன் வந்தது.

“என்னக்கா, கெடா சாம்பலா இருக்கு? மாத்திட்டியளா?”

சாமி ஆட்டை மாற்றினவள் என்று பேர் வந்தால் அப்புறம் யார் அவளிடம் ஒரு குட்டியை விடுவார்கள்? நந்தகோபாலை, ஆடுகள் அடைத்திருந்த கிடைக்கே வரவழைத்தாள்.

“ஏலே, யாரு பேச்சைக் கேட்டு என் கெடாவை வெளுத்த?”

“நான் வெளுக்கலக்கா. வெளிச்சத்தைத் தானா பாத்துக்கிடட்டும்னு கேமராவை ஆட்டோ மோடுல விட்டது தப்பு. அதுக்குக் கருப்பும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. எல்லாத்தையும் சாம்பலுக்குத்தான் இழுக்கும். படம் பூரா கெடா கருகருன்னு நின்னா, வெளிச்சம் பத்தலன்னு நெனச்சு ஷட்டரைக் கூடக் கொஞ்ச நேரம் தெறந்து வச்சிரும்.”

ஷட்டர் சீக்கிரம் மூடி வெளிச்சம் குறையும்படி, அதன் வேகத்தை நூற்றிருபத்தைந்திலிருந்து ஐந்நூறுக்குத் தானே மாற்றி எடுத்தான். படத்தில் கிடா கருப்பாக நின்றது. அவள் முகம் தெளியவில்லை.

“அப்போ சாம்பக் கெடாவையும் திருகித் திருகிக் கருப்பாக்கிருவ. அவன் கேட்டா என்ன சொல்ல?”

பக்கத்துப் புஞ்சையில் வெடித்திருந்த பருத்தியில் ஒரு கை பறித்துவந்து கிடாவின் முதுகில் வைத்தாள். “ரெண்டு மாதிரியும் எடு.”

ஆட்டோ படத்தில் பஞ்சு, நாரே தெரியாத வெள்ளைத் திட்டு. மற்றதில் பஞ்சு பஞ்சாகவே இருந்தது. ஒட்டியிருந்த சருகுத்தூள்கூடத் தெரிந்தது. அதன் கீழே கிடா கருப்பு.

“சாம்பக் கெடாவைக் கருப்பாக்குனா பஞ்சும் சேந்து இருண்டு போகும்க்கா” என்றான் நந்தகோபால், தனக்கே இப்போதுதான் தோன்றியதுபோல.

இரண்டு படமும் துபாய்க்குப் போயின.

“கருப்புதான்க்கா, நம்புதேன்” என்றான் உக்கிரபாண்டி.

“அன்னைக்கும் படத்தைத்தான் நம்புன, இன்னைக்கும் படத்தைத்தான் நம்புத. என்னைய எப்பம்லே நம்புவ?”

அவனைப் பேச விடாமல் அவளே தொடர்ந்தாள்.

“கொடைக்கு முந்தியே வந்திரு. நீயே மயிரை வகுந்து பாத்துக் கயித்தைப் பிடி. அதுவரைக்கும் கெடா என்கிட்ட வேண்டாம், உன் வீட்டாளுககிட்டச் சொல்லி வேற ஆளு கிடையில கட்டச் சொல்லு.”