பேஸ் ஸ்டேஷனுக்கு நிழல்

மேப்பைப் பார்த்து மேனேஜர் என் கையைக் குலுக்கிய மறுநாள், அந்த மேப் பொய் என்று தெரிந்தது.

எண்ணெய், எரிவாயு தேடும் கம்பெனிக்காக எட்டயபுரத்துக்குக் கிழக்கே கரிசல் காட்டில் மேக்னெடிக் சர்வே செய்தோம். அடிப்பாறை ஆழத்தில் கிடந்தால் கிராஃபில் காந்தப்புலத்தின் அலை அகலமாக, மழுங்கலாக வரும். மேலே எண்ணெய் தேங்கக்கூடிய படிவு தடிமனாக இருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் நடந்து அளந்த சர்வே கோடுகள் எல்லாவற்றின் நடுவிலும் அந்த அலை வந்தது. அடுத்து, தரையில் அதிர்வு அனுப்பி ஆழம் பார்க்கும் சைஸ்மிக் டீமை இறக்க முடிவு செய்தார்கள்.

காந்தப்புலம் நாள் முழுக்க ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை எங்கள் அளவுகளிலிருந்து கழிப்பதற்கு, புலத்தை அளக்கும் ஒரு மேக்னெட்டோமீட்டரை ஒரே இடத்தில் ஓடவிடுவோம். அதுதான் பேஸ் ஸ்டேஷன். எங்களுடையது வேலம்மா என்பவரின் உளுந்துக் காட்டு ஓரம் நின்றது. காலையில் வைத்து மாலையில் எடுப்போம். மேப் கொடுத்த மறுநாள், ஒன்றிரண்டு இடங்களைச் சரிபார்க்க வைத்ததை மட்டும் மத்தியானமே எடுக்கப் போனேன். ஒட்டியே டிராக்டர் நின்றது, பக்கத்தில் வேலம்மாவும்.

"இதை ஏங்க்கா இங்கன நிறுத்துனீங்க?"

"தெனமும் மத்தியானம் இங்கனதான நிறுத்துதேன். ஒங்க பொட்டி வெயில்ல காயுதுல்லா, நெழல்ல கெடக்கட்டும்னு."

இரும்பு பக்கத்தில் வந்தால் எல்லாம் நாசம் என்று கத்தினேன்.

"என்னத்துக்குக் கத்துதீங்க? இரும்பு ஆகாதுன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? எனக்கென்ன சோசியமா தெரியும்?"

அப்போதுதான் கணக்குப் போட்டேன். தினமும் ஒரு கோடு, காலையில் மேற்கு முனையில் நடக்கத் தொடங்குவோம். மத்தியானம் கோட்டின் நடுவில் இருப்போம். அந்நேரம் பேஸில் ஏறிய டிராக்டர் இரும்பின் அளவையும் சேர்த்துக் கழித்திருக்கிறோம்; அந்த அலை முழுக்க டிராக்டர்! பூமியின் காந்த நடுக்கோட்டுப் பக்கம் என்பதால் இங்கே மத்தியானம் புலம் எகிறுவது சகஜம். அந்த நினைப்பில் ரா டேட்டாவைப் பார்க்காமலே ஸ்மூத் செய்து தள்ளியிருந்தேன். சோம்பேறித்தனம். வேறு பெயர் கிடையாது.

சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் சைஸ்மிக் டீம் வீணாக வந்து இறங்கும். மேனேஜருக்கு போன் செய்தேன்.

"யோவ், நேத்து கை குடுத்தேனே, அந்தக் கைய இப்ப என்னய்யா பண்ண? போய் எல்லாக் கோட்டையும் மறுபடி நட!"

நடந்தோம். டிராக்டர் ஊருக்குள் நின்றது. அலை காணாமல் போனது. பாறை கொஞ்ச ஆழத்திலேயே கிடந்தது. சைஸ்மிக் டீம் வரவில்லை. என் வேலையும் தப்பியது.

கம்ப்யூட்டர் முன்னால் மேப் போடும் பிள்ளைகளே, பேஸ் வைக்கும்போது காட்டுக்காரரிடம் விவரம் சொல்லுங்கள். எடுக்கும்போது என்ன நடந்தது என்று கேளுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. வேலம்மாக்கா மறைக்காமல் சொன்னதால் பிழைத்தேன்.

கிளம்பும்போதுதான் அவருக்கு நன்றி சொன்னேன்.

"அது கெடக்கட்டும். எண்ணெ இருக்கா?"

"இல்லக்கா."

"நல்லதாப் போச்சு. வார வருசமும் உளுந்து போடலாம்லா."