ஒல்லிப் புத்தகம் முதலில்

புத்தகத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் தடிமன் பார்க்கிறார் நூலகர். பிறகுதான் பட்டியல் அட்டையில் எழுதுகிறார். ஐரோப்பிய நீர்ப்பல்லிகளைப் பற்றி யார் கேட்டாலும் நீட்டுவதற்கென்று வைத்திருக்கும் அட்டை அது. ஏழு புத்தகங்கள், ஒல்லியானது முதலில், குண்டானது கடைசியில். "தடியன முதல்ல காட்டினா ஆளு ஓடிடும். ஒல்லிக்குச்சியக் காட்டித்தான் உள்ள இழுக்கணும்" என்பார்.

தவளைக்கு உறவு, பல்லியின் உடம்பு, துடுப்புப் போல வால். விரல் நீளத்துக்கு மேல் அதிகம் போகாத பிராணி. அதற்காக மனிதர் இருபது வருஷம் கண்ணைத் தேய்த்திருக்கிறார். மாமனாரோடு பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் விழிப்பார். எந்த நீர்ப்பல்லிக்கு வயிறு என்ன நிறம் என்றால் தூக்கத்திலும் சொல்வார்.

நேற்று மத்தியானம் கொழுந்தியாள் வந்தாள். மனைவியோடு பிறந்த மூவரில் கடைக்குட்டி, தையல்காரி. இரண்டு மாதம் முன்பு, இந்த ஐரோப்பிய ஊரில் தன் வீட்டுக் கொல்லைக் குட்டையில் ஒரு நீர்ப்பல்லியைப் பிடித்துக் கண்ணாடித் தொட்டியில் விட்டவள். அட்டையின் முதல் புத்தகத்தைக் கொடுத்தனுப்பியவர் இவர்தான்.

"இந்தாங்க அத்தான், உங்க ஒல்லிக்குச்சி. ரெண்டு தடவ படிச்சாச்சு. அதுல போட்டபடியே தண்ணி, பாசி, புழு, ஒண்ணும் குறை வைக்கல."

"பய எப்படி இருக்கான்?"

"முதுகுல நின்ன கொண்டை கரைஞ்சுபோச்சு. ரெண்டு நாளா கண்ணாடில ஏறி ஏறி விழுறான். டிக்கெட் போட்டு வித்தை காட்டலாம் போங்க!"

நூலகர் சிரிக்கவில்லை. "ஏறி உக்கார ஒரு கல்லு போட்டியா?"

"உங்க புத்தகத்துல கல்லுங்கிற பேச்சே இல்லையே!"

இல்லைதான். அந்தப் புத்தகம் ஜோடி தேடித் தண்ணீருக்குள் ஆடும் ஆட்டத்தோடு, முட்டையை இலைக்குள் மடித்து வைப்பதோடு முடிந்துவிடும். அந்தக் காலம் கழிந்தால் கொண்டை கரையும், கால் கரையைத் தேடும், ஏற இடமில்லாவிட்டால் களைத்து மூழ்கிவிடும் என்பதெல்லாம் ஏழாவது தடியனில், ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஏழாவது வரைக்கும் இதுவரை யாரும் வந்ததில்லை.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்தார். கதவைப் பூட்டக்கூட நிற்கவில்லை.

"அத்தான், மெதுவா! மூச்சு வாங்குது உங்களுக்கு."

"எனக்கு வாங்குது. அவனுக்கு வாங்குதான்னு தெரியலையே."

அவள் வீட்டில் தையல் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவே தொட்டி. மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய, முன்கால்களால் கண்ணாடியைப் பற்றித் தொங்கிக்கொண்டிருந்தது நீர்ப்பல்லி. பார்க்கும்போதே கால் வழுக்கியது. அமிழ்ந்தது.

"ஐயோ, நான்தான் கொன்னுட்டேனா?"

"நீ இல்ல, என் அட்டை. கல்லு கொண்டா, ஓடு!"

அவள் கொல்லைக்கு ஓடினாள். தொட்டியின் அடியில் கிடந்தது எழும்பவில்லை. நூலகர் சட்டைக் கையை மடிக்காமல் முழங்கை நனைய உள்ளே விட்டார். அதற்கடியில் உள்ளங்கையை நுழைத்து, நீர்மட்டம் வரை தூக்கிக்கொண்டுவந்து நிறுத்தினார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் நான்கு பொடி விரல்கள் அவர் சுண்டு விரலைப் பற்றின.

"எத்தன பெருசு வேணும் அத்தான்?" கொல்லையிலிருந்து குரல் வந்தது.

தொட்டிக்குள் ஒரு திட்டாகக் கையை விட்டுவிட்டு, அப்படியே நின்றார்.