வயலெல்லாம் வெள்ளை

அந்த டிசம்பரில் என் மகளுக்குத் தனியாகப் பாட ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. அந்த ஒரு வரி எங்கள் வீட்டைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும்.

அவள் அப்போது ஒன்றாம் வகுப்பு. திருவையாற்றிலிருந்து எங்கள் ஊருக்குள் திரும்பும் சாலையில், மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடம். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் இல்லை. இருந்தாலும் டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் தெருவிலும் ஸ்டார் தொங்கும், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கிறிஸ்துமஸ் பாட்டுத்தான் பாடும். அந்த வருடம் தஞ்சாவூரிலிருந்து புதிதாக வந்த டீச்சர், விழாவுக்கென்று தானே ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். நல்ல பாட்டுதான், குறை சொல்ல மாட்டேன்.

‘பனியே பனியே கொட்டு கொட்டு, பாலன் வந்தார் தாளம் தட்டு’ என்று பிள்ளைகள் எல்லாம் பாடி நிறுத்தும். என் மகள் மட்டும் முன்னால் வந்து, ‘வீடெல்லாம் வெள்ளை, வயலெல்லாம் வெள்ளை’ என்று இழுத்துப் பாட வேண்டும். அதற்குப் பிறகு மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

எங்களுக்குத் தெரிந்த பனி, விடியற்காலையில் தலையில் இறங்கிச் சளி பிடிக்க வைக்கிற பனி. ஊரையே மூடிக்கொண்டு கொட்டுகிற பனியை டீச்சர் போனில் காட்டினாராம். ஐஸ்கிரீம் மாதிரியே இருக்குமாம், ஆனால் இனிக்காதாம். கண்ணை விரித்துக்கொண்டு வந்து சொன்னாள். அன்றிலிருந்து குளிக்கும்போதும் அந்த வரி, சாப்பிடும்போதும் அந்த வரி. எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

என் கணவர் அந்த வருடம்தான் முதல் தடவையாகக் குத்தகைக்கு நிலம் பிடித்துச் சம்பா போட்டிருந்தார். அவருடைய அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் வேலை செய்தவர். அதனால் இவருக்குத் தன் பயிர் என்றால் அப்படி ஒரு பித்து. கதிர் வெளியே வந்த வாரம் பெண்டாட்டி பிள்ளை ஞாபகமே இல்லாமல் வரப்பிலேயே குடியிருந்தார். அங்கேயே பாயைக் கொண்டுபோய்ப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டிருக்கிறேன்.

ஒரு நாள் காலையில் கை நிறையக் கதிரோடு வந்தார். எல்லாம் வெளுத்த கதிர். மணி பிடித்த கதிர் தலை சாயும். இதெல்லாம் விறைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றதாம், இழுத்தால் கையோடு வந்துவிட்டதாம். குருத்துப்பூச்சி தண்டுக்குள் புகுந்து தின்றிருந்தது. உள்ளே வெறும் பதர். வயல் வெள்ளையாகிவிட்டது என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான், யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மகள் தலை சீவிக்கொண்டே பாட ஆரம்பித்தாள். வீடெல்லாம் வெள்ளை, வயலெல்லாம் வெள்ளை. 

"அந்தப் பாட்ட நிறுத்தச் சொல்லு" என்றார் என்னைப் பார்த்து. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. உள்ளே பாட்டு பாதியில் நின்றுவிட்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், வாய்க்குப் பூட்டே கிடையாது. மறுநாள் குழாயடியில் எல்லோர் முன்னாலும், உன் பொண்ணு வாய் வச்ச நேரம் ஊர் வயலெல்லாம் வெளுத்துப்போச்சு, கருநாக்கா இருக்கும்போல என்று சிரித்தாள். சொன்னால் பலித்துவிடும் நாக்காம், என் பிள்ளையுடையது! அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்ளும்படி கொடுத்தேன். என் முதுகுக்குப் பின்னால் மகள் நின்றிருந்ததைத்தான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால், கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். கருப்பாக இருக்கிறதா என்று கேட்டாள். இல்லடி கண்ணு, செக்கச்செவேல்னு இருக்கு என்று சொல்லி, என் நாக்கையும் நீட்டிக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"நான் பாடுனதாலதான் அப்பா பயிரு செத்துப்போச்சாம்மா?"

அடிப்பாவி, ஆறு வயதில் இதையா சுமக்கிறாய் என்று இருந்தது எனக்கு. பூச்சி தின்றது என்று சொன்னேன், சாமி மேல் சத்தியம் செய்தேன். அவள் தலையை ஆட்டினாள், நம்பவில்லை. பாட்டை நிறுத்தச் சொன்னவர் அவள் அப்பா. நான் என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது?

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த வரியை மாற்றிவிடும்படி டீச்சரிடம் கேட்டேன். அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, ஸ்னோ வெள்ளையாகத்தானே அக்கா இருக்கும் என்றார். வெளுத்த கதிரைப் பற்றிச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. வயலெல்லாம் என்பதை வானமெல்லாம் என்று ஆக்கிவிடலாம் என்று உடனே சம்மதித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாற்றினால், அந்த வரியில் ஏதோ இருந்திருக்கிறது என்று மகள் முடிவே கட்டிவிடுவாள். பாடவே வேண்டாம் என்று நிறுத்தினாலும் அதே கதைதான். கேட்ட வாயாலேயே, வேண்டாம் டீச்சர், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

விழா அன்று காலையில் என் கணவர் மருந்து அடிக்கும் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் நாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றதையும் அவள் கேட்டதையும் ஒன்று விடாமல் சொன்னேன். நீங்களே அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க என்றேன். தலையை நிமிர்த்தவே இல்லை. டேங்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பயிர் போனால் அடுத்த பட்டத்துக்கு வைக்கலாம், பிள்ளை மனசில் விழுந்த பூச்சியை எந்த மருந்தை அடித்து எடுப்பீர்கள் என்று அவர் முதுகைப் பார்த்துக் கத்தினேன். வண்டிச் சத்தத்தில் காதில் விழுந்ததோ இல்லையோ.

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்காலியில் இருந்த பாதிப் பேர் வயலில் அதே பூச்சிதான். பிள்ளைகள் சட்டையெல்லாம் பஞ்சை ஒட்டிக்கொண்டு வந்து நின்று, பனியே பனியே என்று பாடி நிறுத்தின. மகள் முன்னால் வந்தாள். கீபோர்டு அவளுக்காகக் காத்திருந்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் அதே இசையை மறுபடியும் வாசித்தார். ஓரத்திலிருந்து யாரோ அந்த வரியை எடுத்துக் கொடுத்தார்கள். மகள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கூட்டத்தில் சலசலப்பு கிளம்பியது. நான் பாதி எழுந்துவிட்டேன். மேடைக்குப் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா, அப்படியே விடலாமா, ஒன்றும் ஓடவில்லை. 

பின்னால் கேட் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அவர்தான். காலில் சேறு காயாமல் அப்படியே நின்றிருந்தார். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்காத மனிதர்.

"பாப்பா, அது நம்ம வயல் இல்லம்மா. பனி கொட்டுற ஊரு வயலு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்ம வயல பூச்சிதான் தின்னுச்சு. நீ ஒண்ணும் பண்ணல. பாடு."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் மூன்றாவது தடவையாக வாசித்தார். மகள் கையை எடுத்துவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டு பாடினாள், தொண்டை கிழியும்படி. வயலெல்லாம் வெள்ளை என்ற இடத்தில் அவர் தாடை இறுகியதைப் பார்த்தேன். ஆனால் முகத்தில் சிரிப்பை விடவில்லை. அந்த வரி பாட்டில் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் அவரைத்தான் பார்த்தாள், அவர் சிரித்துக்கொண்டே நின்றார்.